புள்ளி மறைந்ததும் நிம்மதி வேண்டாம்

கொளத்தூர் மீன் கடையிலிருந்து ஆக்சிஜன் அடைத்த பையில் ஒரு நீல டேங் மீனோடு வீடு திரும்புகிறவருக்குக் கை பரபரக்கும். ஹாலில் கடல்நீர்த் தொட்டி தயார். பவளமும் பாறையும் விளக்குமாக ஒரு பைக் வாங்கும் காசு அதில் கரைந்திருக்கும். நேராகக் கொண்டுபோய் விட்டுவிடுவார். நானும் அப்படித்தான் விட்டேன்.

ஐந்தாம் நாள் துடுப்பில் உப்புத்தூள் ஒட்டியதுபோல் வெள்ளைப் புள்ளிகள். எட்டாம் நாள் ஒன்றையும் காணோம். "தானா சரியாயிடும் சார், தண்ணி மாறுனதுல வர்றது" என்றார் கடைக்காரர். மூன்றாம் வாரம் தொட்டியிலிருந்த எல்லா மீன்மீதும் புள்ளி.

'இக்' என்று மீன் வளர்ப்போர் சொல்லும் கிரிப்டோகேரியான் இரிட்டன்ஸ் ஒற்றைச் செல் ஒட்டுண்ணி. மீனின் தோலுக்கடியில் 3 முதல் 7 நாள் தின்று கொழுத்துவிட்டு, பெரும்பாலும் இருட்டில் கழன்று விழும். நம் கண்ணுக்கு நோய் தீர்ந்தது. அதற்கோ அப்போதுதான் பிள்ளைப்பேறு. மணலிலோ பாறையிலோ கூடு கட்டி, உள்ளே நூற்றுக்கணக்கில் பிரிந்து, விடியலை ஒட்டி நீந்தி வெளியே வரும். பாறை இடுக்கில் மீன் அசையாமல் தூங்கும் நேரம் அது! கடலில் இந்தக் குஞ்சுகளில் பெரும்பாலானவை மீனையே பார்க்காமல் ஓரிரு நாளில் சாகும். கண்ணாடிப் பெட்டிக்குள் மீன் எங்கே தப்பிப்பது?

மருந்து தாமிரம். ஆனால் அது பவளம், இறால், நத்தை எல்லாவற்றையும் கொன்றுவிடும். அதனால் வைத்தியத்துக்குத் தனித் தொட்டி: மணல் இல்லை, பாறை இல்லை, ஸ்பாஞ்ச் ஃபில்டர், ஹீட்டர், ஒளிந்துகொள்ள பிவிசி குழாய்த் துண்டுகள். பார்க்கச் சகிக்காது. ஸ்பாஞ்சைச் சில வாரம் முன்பே பெரிய தொட்டியில் போட்டு பாக்டீரியா பிடிக்க வைக்க வேண்டும்; இல்லாவிட்டால் இக்கை முந்திக்கொண்டு அம்மோனியா கொல்லும்.

மருந்தில்லாத வழியும் உண்டு. 3 நாளுக்கு ஒருமுறை மீனைக் காயவைத்துப் புது நீர் நிரப்பிய, சுத்தமான வேறு தொட்டிக்கு மாற்றுவது, 4 முறை. விழுந்த கூடு பொரிப்பதற்குள் மீன் இடம் மாறியிருக்கும். மீனைச் சில நாளிலேயே முடித்துவிடும் வெல்வெட் நோயிடம் மட்டும் இந்த உபாயம் செல்லாது, அதற்குத் தாமிரம்தான்.

பெரிய தொட்டிக்குள் இக் புகுந்துவிட்டால்? கூடு 72 நாள் கழித்துப் பொரித்த பதிவு இருப்பதால், 76 நாள் மீனே இல்லாமல் போட்டுவைக்க வேண்டும். வீட்டுக்கு வந்த உறவினர்கள் எல்லாம் "மீன் எங்கே?" என்றார்கள். சாப்பாட்டு மேசைக்கு அடியில், பிவிசி குழாய்க்குள் இருந்தன.