ராஜேந்திர பாபு விட்டுச்சென்ற பிதுரார்ஜிதம்

பாரதக் குடியரசின் முதல் ஜனாதிபதி பாபு ராஜேந்திர பிரசாத், 1963-ஆம் வருஷம் பிப்ரவரி 28-ஆம் தேதி பாட்னாவின் சதாகத் ஆசிரமத்தில் காலமானார். பன்னிரண்டு வருஷ காலம் டில்லி மாளிகையில் வாசம் செய்தவர், 1962-ல் பதவி நீங்கியதும், தேசப் போராட்ட காலத்தில் தாம் வாழ்ந்த அதே ஆசிரமத்துக்குத் திரும்பினார். அவருடைய எளிமையைப் போற்றாதார் இலர். ஆயினும் அப்புகழுரையோடு நமது கடமை தீர்ந்துவிடாது. அவர் நமக்கு விட்டுச்சென்ற பிதுரார்ஜிதம் யாது என்பதே நாம் சிந்திக்கத்தக்க விஷயம்.

பீஹாரிலுள்ள ஜீராதேயி கிராமத்தில் 1884-ல் பிறந்த அவர், கல்கத்தா சர்வகலாசாலையின் பிரவேசப் பரீட்சையில் முதலிடம் பெற்றவர். பாட்னா ஹைக்கோர்ட்டில் பெரும்பொருள் ஈட்டிய வக்கீல். 1917-ல் சம்பாரணில், அவுரிச் சாகுபடியால் வதைபட்ட குடியானவர்களின் வாக்குமூலங்களை மகாத்மாவுடன் இருந்து பதிவு செய்தார். ஒத்துழையாமை இயக்கம் பிறந்ததும் தொழிலையே துறந்தார். 1934 ஜனவரி 15-ல் பீஹாரைப் பூகம்பம் பாழாக்கியபொழுது அவர் சிறைக்கைதி. விடுதலையானதும், நோயுற்ற உடலையும் பொருட்படுத்தாது நிவாரண வேலையில் இறங்கினார். ஜனங்கள் அவரை நம்பி அளித்த தொகை 38 லட்சம் ரூபாய்க்கு மேற்பட்டது. 1942 முதல் 1945 வரை மீண்டும் சிறைவாசம்.

இத்தகைய தியாகிக்கு ஜனங்களிடம் இருந்த செல்வாக்கைச் சொல்லவும் வேண்டுமோ? அச்செல்வாக்கை அவர் உயர்பதவியில் எவ்விதம் பிரயோகித்தார் என்பதிலேதான் அவருடைய பெருமை அடங்கியிருக்கிறது.

அரசியல் நிர்ணய சபையின் தலைவராக 1949 நவம்பர் 26-ல் அவர் நிகழ்த்திய பிரசங்கத்தில், அரசியல் சட்டம் உயிரற்ற யந்திரம் போன்றது, அதை இயக்கும் மனிதரே அதற்கு உயிரளிப்பவர் என்று எச்சரித்தார். மந்திரிசபையின் யோசனைக்கு ஜனாதிபதி கட்டுப்பட்டே தீரவேண்டும் என்னும் திட்டமான விதி சட்டத்தில் இல்லை என்பதையும், வழக்கம் அதனை நிலைநாட்டும் என்ற நம்பிக்கையையும் அன்றே எடுத்துரைத்தார். அந்த யந்திரத்தை இயக்கும் பொறுப்பு இரண்டே மாதங்களில் அவரிடமே வந்து சேர்ந்தது.

சோதனையும் விரைவில் வந்தது. ஹிந்து சட்டத் திருத்த மசோதாவை ராஜேந்திர பாபு விரும்பவில்லை. அவ்விஷயத்தில் தம் சொந்த விவேகப்படி நடக்க விரும்புவதாக 1951-ல் பிரதம மந்திரி நேருவுக்கு எழுதினார். நேரு, சென்னையின் சட்ட மேதை அல்லாடி கிருஷ்ணசாமி ஐயரையும், அட்டர்னி ஜெனரல் செதல்வாடையும் அபிப்பிராயம் கேட்டார். ஜனாதிபதி மந்திரிசபையின் யோசனைக்குக் கட்டுப்பட்டவரே என்று இருவரும் கூறினர். பிற்பாடு, 1955-லும் 1956-லும் பார்லிமெண்டு அச்சட்டங்களைப் பகுதி பகுதியாக நிறைவேற்றியபொழுது ராஜேந்திர பாபு சம்மதம் அளித்தார்.

இதைப் பலவீனம் என்பாரும் உளர். நாம் அவ்வாறு கருதவில்லை. அவர் தம் அபிப்பிராயத்தை மறைத்தவரல்லர். ஜனாதிபதியின் அதிகாரத்தைப் பற்றிய கேள்வியை 1960-லும் பகிரங்கமாக எழுப்பினார். எனினும் ஜனங்களால் தேர்ந்தெடுக்கப்பட்ட சபையின் முடிவுக்குக் குறுக்கே தம் பதவியை நிறுத்தவில்லை. 1976-ல்தான் 42-ஆவது திருத்தம் இக்கட்டுப்பாட்டைச் சட்டத்தில் எழுதியது. ஒருமுறை மறுபரிசீலனைக்குத் திருப்பியனுப்பும் உரிமையை 1978-ல் 44-ஆவது திருத்தம் சேர்த்தது. எழுதப்படாத காலத்திலேயே அக்கட்டுப்பாட்டை ஏற்றவர் ராஜேந்திர பாபு.

1960 ஜனவரி 25-ஆம் தேதி இரவு, அவர்பால் பேரன்பு பூண்டிருந்த தமக்கை பகவதி தேவி உயிர் நீத்தார். மறுநாள் குடியரசு தினம். அணிவகுப்பில் நின்று தேசத்தின் வணக்கத்தை ஏற்றுத் திரும்பிய பின்னரே அவர் தமக்கையின் ஈமக்கடனைக் கவனித்தார். சொந்தத் துக்கத்தைக் கடமைக்குப் பின் நிறுத்திய அந்த மனமே, சொந்த அபிப்பிராயத்தையும் சட்டத்துக்குப் பின் நிறுத்தியது.

சிலைகளும் நினைவு தினங்களும் அம்மகானுக்குப் போதுமான அஞ்சலியாகா. ராஷ்டிரபதி பவனத்திலும் கவர்னர் மாளிகைகளிலும் அமர்வோர், தம் எண்ணத்தைத் துணிந்து சொல்லவும், சட்டத்தின் எல்லையில் நிற்கவும், காலம் முடிந்ததும் பற்றின்றி வெளியேறவும் கற்பாராயின், அதுவே ராஜேந்திர பாபுவுக்கு நாம் செலுத்தும் உண்மையான அஞ்சலியாகும்.