கணவன் மொழிபெயர்க்கும்போது



பிழைப்புக்காக மும்பை, சூரத் போன்ற நகரங்களில் குடியேறிய நம் குடும்பங்களில், அவ்விடத்து மொழி அறியாத சகோதரிகள் அநேகர். ஆஸ்பத்திரிக்குச் சென்றால் கணவனே அவர்களுக்காகப் பேசுகிறான். "குளியலறையில் வழுக்கி விழுந்தாள்" என்று அவன் சொல்ல, மருத்துவரும் அப்படியே எழுதிவிடுகிறார். அடித்தவனே சாட்சியும் சொல்லிவிடுகிறான்!

இது எங்கோ ஒரு வீட்டில் நடக்கும் காரியமல்ல. 2019-21 தேசியக் குடும்பநல ஆய்வின்படி, 18 முதல் 49 வயதுக்குட்பட்ட மணமான பெண்களில் நூற்றுக்கு 29 பேர் கணவனின் வன்முறையை அனுபவித்தவர்கள்.

உலக சுகாதார நிறுவனம் 2013-இல் வெளியிட்ட வழிகாட்டுதலின் சாரம் எளிது. காயமும் சொல்லப்படும் காரணமும் பொருந்தாவிட்டால், அவளைத் தனியே வைத்து விசாரிக்கவேண்டும். குற்றப்படுத்தாமல் கேட்கவேண்டும். வீடு திரும்புவது இன்றிரவு பாதுகாப்பானதா என்றும் அறியவேண்டும். முடிவு அவளுடையது, புறப்பட்டு வா என்றும் பொறுத்துப்போ என்றும் கட்டாயப்படுத்துவது வைத்தியம் ஆகாது.

நம் சபைகளில் செவிலியராய்ப் பணியாற்றும் சகோதரிகளே, வார்டில் தமிழ் தெரிந்தவர் யார் என்று தேடும்போது உங்களைத்தான் அழைப்பார்கள். அப்பொழுது கணவனையும் மாமியாரையும் திரைக்கு அப்பால் அனுப்பிவிடுங்கள். எக்ஸ்ரே எடுக்கும் நேரம் இதற்கு ஏற்றது. அவள் சொன்னதைக் கூட்டாமலும் குறைக்காமலும் மருத்துவரிடம் சொல்லுங்கள். "பிள்ளைகளுக்காகச் சகித்துக்கொள்" என்ற புத்திமதியை நடுவே நுழைக்கவேண்டாம். கேட்டதை ஜெபக்குறிப்பாகக்கூடச் சபைக்குக் கொண்டுவராதீர்கள். அவள் சம்மதமின்றிப் போதகரிடமும் சொல்லலாகாது. போதகனாகிய நானே இதை எழுதுகிறேன்.

2005-ஆம் ஆண்டின் குடும்ப வன்முறைத் தடுப்புச் சட்டம் 2006 அக்டோபரில் நடைமுறைக்கு வந்தது. அதன்படி, முன்னதாகப் புகார் பதிவாகவில்லை என்று சொல்லிச் சிகிச்சையை மறுக்கக்கூடாது. சம்பவ அறிக்கையை மருத்துவமனையே நிரப்பி, பாதுகாப்பு அலுவலருக்கு அனுப்பவேண்டும். பரிசோதனை அறிக்கையின் நகலை அவளுக்கு இலவசமாய்த் தரவேண்டும். யார், எதனால், எங்கே அடித்தார் என்று அன்றைக்கே எழுதப்பட்ட தாள், பின்பு நீதிமன்றத்தில் அவளுக்காகப் பேசும். ஆனால் அந்த நகல் கணவன் கையில் அகப்பட்டால் ஆபத்து. அதை எங்கே வைப்பாள் என்று கேட்டுவிட்டுக் கொடுங்கள்.

மும்பை பாந்திராவிலுள்ள பாபா மருத்துவமனையில், மாநகராட்சியும் சேஹத் என்னும் ஆய்வு நிறுவனமும் 2000-ஆம் ஆண்டில் 'திலாசா' என்ற ஆலோசனைப் பிரிவைத் தொடங்கின. இந்தியில் அதற்கு ஆறுதல் என்று பொருள். ஆஸ்பத்திரிக்குள்ளேயே அது இருப்பதால், "மருந்து வாங்கப் போகிறேன்" என்று சொல்லிவிட்டு ஒரு பெண் அங்கே செல்லலாம். அத்தகைய பிரிவு இல்லாத ஊரில், 181 என்ற பெண்கள் உதவி எண்ணை அவள் மனப்பாடம் செய்யும்வரை சொல்லிக்கொடுங்கள். சீட்டில் எழுதித் தரவேண்டாம்.