பந்துக்குப் பின்னால் ஒரு வேலை

விளையாட்டுக் குழு என்றால் அதற்கு ஊர்ப் பெயரோ மாநிலப் பெயரோதான் இருக்கும் என்று இன்றைய பிள்ளைகள் நினைக்கிறார்கள். முன்பு அப்படியில்லை. ரயில்வே, போலீஸ், இராணுவம், லெட்ரிக் போர்டு, டெலிகாம் என்று வேலையிடத்தின் பெயரிலேயே பல குழுக்கள் திடலில் இறங்கின. காற்பந்திலும் ஹாக்கியிலும் அவற்றுக்குத் தனி மதிப்பு இருந்தது.

அக்குழுக்களின் பெருமை வென்ற கிண்ணங்களில் மட்டும் இல்லை. ஆட்டக்காரருக்கு முதலில் ஒரு வேலை இருந்தது. பந்து அதற்குப் பிறகுதான். பகலில் மின்கம்பம் ஏறியவரும் மேசையில் கணக்கு எழுதியவரும் மாலையில் ஒரே நிறச் சட்டை அணிந்து ஆடினார்கள். நாட்டுக்காகவோ மாநிலத்துக்காகவோ ஆடப் போகும் அரசு ஊழியருக்கு ‘சூத்தி தன்பா ரெக்கோட்’, அதாவது ஆண்டு விடுமுறையில் கழிக்காத விடுப்பு, கொடுக்கும் ஏற்பாடும் உண்டு. முட்டி தேய்ந்து ஆட்டம் நின்றாலும் சம்பளம் நிற்காது. குடும்பம் தெருவுக்கு வராது.

பிறகு காலம் மாறியது. மலேசியக் காற்பந்தில் 1989-இல் பகுதித் தொழில்முறை லீக் வந்தது. 1994-இல் அது முழுத் தொழில்முறை ஆயிற்று. லெட்ரிக் போர்டு 1990-இல் தெனாகா நேஷனலாகவும், மலாயன் ரயில்வே 1992-இல் நிறுவனமாகவும் மாறின. சிங்கப்பூரிலும் இதே கதைதான். அங்கே போலீஸ் குழு 1997-இல் ஹோம் யுனைடெட் ஆகி, 2020-இல் லயன் சிட்டி செய்லர்ஸ் என்னும் தனியார் குழுவாயிற்று.

ஆனாலும் பழைய மரபு அடியோடு அழிந்துவிடவில்லை. மலேசிய ஆயுதப்படைக் குழு 2012-இலும், போலீஸ் குழு 2014-இலும் பிரிமியர் லீக் பட்டத்தை வென்றன. தெனாகா ஹாக்கிக் குழு நாட்டின் முன்னணிக் குழுக்களோடு மோதியிருக்கிறது. அரசு ஊழியர்களுக்கு ‘மக்சாக்’ போட்டிகளும், பல்கலைக்கழக ஊழியர்களுக்கு ‘சுக்கும்’ போட்டிகளும் உண்டு. அங்கே அலுவலகப் பெண்களும் வலைப்பந்து, பூப்பந்து என்று களம் இறங்குகிறார்கள்.

இதையெல்லாம் இப்போது சொல்வானேன்? தோட்டத்துத் திடலில் நன்றாக ஆடும் பையனைப் பார்த்ததும், “படிப்பு எதற்கு, பந்தே சோறு போடும்” என்று சொல்கிறவர்கள் பெருகிவிட்டார்கள். பந்து சோறு போடலாம். ஆனால் எத்தனை ஆண்டுக்கு? தொழில்முறை ஆட்டக்காரரின் ஒப்பந்தம் ஓராண்டு, ஈராண்டில் முடிந்துவிடக்கூடும். மாதக்கணக்கில் சம்பளம் பாக்கி என்ற செய்தியையும் நாம் பத்திரிகையில் படிக்காமலில்லை.

ஆகவே பெற்றோரே, பிள்ளையின் காலைக் கட்டிப் போடாதீர்கள், அவன் ஆடட்டும். ஆனால் எஸ்.பி.எம். தேர்வை முடித்துவிட்டு ஆடட்டும். ஒரு குழு அவனை அழைத்தால், சட்டையின் நிறத்தைக் கேட்பதற்கு முன்னால் சில கேள்விகளைக் கேளுங்கள். ஒப்பந்தம் எழுத்தில் இருக்கிறதா? ஈ.பி.எஃப்., சொக்சோ கட்டுவார்களா? கால் முறிந்தால் மருத்துவச் செலவு யாருடையது? போலீஸ், இராணுவம், பொது நிறுவனம் எதிலாவது வேலையோடு ஆட வழி கிடைத்தால், அதை அற்பமாக எண்ணித் தள்ளிவிட வேண்டாம்.

கைதட்டல் தொண்ணூறு நிமிடம்தான். அடுப்பு தினமும் எரிய வேண்டும் அல்லவா?