பம்மல் ரோடு, போலோ ஜிடி, 60,000 ரூபாய்... சஸ்பென்ஷனில் எதை முதலில் மாற்றணும்?

பல்லாவரத்திலிருந்து பம்மல், அனகாபுத்தூர் வழியாகக் குன்றத்தூர் போகும் சாலையில் கார் ஓட்டியவர்களுக்குத் தெரியும். ஒரு ஸ்பீடு பிரேக்கர், அடுத்து ஒரு பேட்ச் ஒர்க், பக்கத்தில் ஷேர் ஆட்டோ, எதிரே தண்ணீர் லாரி. அதே காரை எடுத்துக்கொண்டு தாம்பரம் - மதுரவாயல் பைபாஸில் ஏறினால், கொஞ்ச நேரத்தில் வேறு உலகம். ஒரே கார் இந்த இரண்டு ரோட்டிலும் ஓடியாக வேண்டும். சஸ்பென்ஷனை அப்கிரேடு செய்ய ஆசைப்படும் யாரும் முதலில் நினைத்துப் பார்க்க வேண்டிய விஷயம் இதுதான்.

பம்மலில் இப்படி ஒரு வீட்டைக் கற்பனை செய்துகொள்ளுங்கள். மகனுக்கு 27 வயது. ஐ.டி. வேலை. சேமிப்பைப் போட்டு செகண்ட் ஹேண்டில் ஒரு ஃபோக்ஸ்வாகன் போலோ ஜிடி டிஎஸ்ஐ வாங்கியிருக்கிறார். வார நாளில் ஆபீஸ், சனிக்கிழமை அதிகாலை நண்பர்களோடு ஈ.சி.ஆர்., ஞாயிற்றுக்கிழமை அப்பா அம்மாவோடு திருநீர்மலை கோயில். கையில் இருப்பது 60,000 ரூபாய். 'காரைக் கொஞ்சம் இறக்கி, சஸ்பென்ஷனை டைட் பண்ணணும்' என்பது அவர் கனவு. இந்தப் பணத்தில் அது நடக்குமா?

நடக்கும். ஆனால், அவர் நினைக்கும் வரிசையில் நடக்காது.

வயசான காருக்கு முதலில் வைத்தியம்

போலோ ஜிடி டிஎஸ்ஐ 2013-ல் இந்தியாவில் அறிமுகமானது. 1.2 லிட்டர் டர்போ பெட்ரோல் இன்ஜின், 105 பிஎஸ் பவர். பல லட்சம், கோடி கொடுத்து ஸ்போர்ட்ஸ் கார் வாங்க முடியாத நடுத்தரக் குடும்பத்து இளைஞர்களுக்கு இந்த மாதிரி ஹேட்ச்பேக்தான் ஸ்போர்ட்ஸ் கார். 2022-ல் இந்தியாவில் போலோ உற்பத்தியே நின்றுவிட்டது. அப்படியென்றால், இன்று செகண்ட் ஹேண்டில் கிடைக்கும் எந்த போலோவும் பல மழைக்காலம் பார்த்த வண்டிதான்.

அந்தக் காரில் இன்று நீங்கள் உணரும் ஆட்டமும் சத்தமும் கம்பெனி கொடுத்த சஸ்பென்ஷனின் குணம் அல்ல. தேய்ந்துபோன சஸ்பென்ஷனின் குணம். ரப்பர் புஷ் வெடித்திருக்கும். லிங்க் ராட் லூஸாகி 'கட கட' என்று அடிக்கும். ஷாக் அப்சார்பரில் ஆயில் கசிந்திருக்கும். இதையெல்லாம் அப்படியே விட்டுவிட்டு, மேலே விலை உயர்ந்த ஸ்பிரிங்கை மாட்டுவது, ஒழுகும் வீட்டுக்குப் பெயின்ட் அடிப்பது மாதிரி.

அதனால் முதல் செலவு, காரை லிஃப்டில் ஏற்றிப் பார்ப்பது. லோயர் ஆர்ம் புஷ், பால் ஜாயின்ட், லிங்க் ராட், முன்பக்க ஸ்ட்ரட் மவுன்ட், பின்பக்க ஆக்ஸில் புஷ், நான்கு ஷாக் அப்சார்பர். இந்த ஆறையும் மெக்கானிக்கிடம் தனித்தனியாகக் காட்டச் சொல்லுங்கள். டயரையும் கையால் தடவிப் பாருங்கள். ஒரு ஓரம் மட்டும் தேய்ந்திருந்தால் அலைன்மென்ட் சரியில்லை அல்லது ஏதோ ஒரு பாகம் லூஸ். மேடு பள்ளமாகத் தேய்ந்திருந்தால் ஷாக் அப்சார்பர் மீது சந்தேகப்படலாம்.

ஊஞ்சலும் காலும்

ஸ்பிரிங், ஷாக் அப்சார்பர் இரண்டையும் பலர் ஒன்றாகவே நினைக்கிறார்கள். காரின் எடையைத் தாங்குவது ஸ்பிரிங். ஷாக் அப்சார்பர் எடையைத் தாங்குவதில்லை. ஸ்பிரிங் ஆடுவதை அடக்குவதுதான் அதன் வேலை.

ஊஞ்சலை ஒரு தடவை தள்ளிவிட்டால், அது தானாக நிற்க நேரம் ஆகும். உட்கார்ந்திருப்பவர் காலைத் தரையில் ஊன்றினால் உடனே நிற்கும். ஸ்பிரிங்தான் ஊஞ்சல், ஷாக் அப்சார்பர்தான் அந்தக் கால். கால் வலுவில்லாவிட்டால் ஊஞ்சல் ஆடிக்கொண்டே இருக்கும். ஊஞ்சலை மட்டும் மாற்றி என்ன பயன்?

இது சொகுசு சம்பந்தப்பட்ட விஷயம் மட்டும் இல்லை. ஒவ்வொரு டயரும் ரோட்டைத் தொடும் இடம் கிட்டத்தட்ட ஒரு உள்ளங்கை அளவுதான். பிரேக் பிடிப்பதும், திரும்புவதும் அந்த நான்கு உள்ளங்கையை நம்பித்தான். ஷாக் அப்சார்பர் போய்விட்டால், மேடு பள்ளத்தில் டயர் துள்ளும். துள்ளும் நேரத்தில் பிரேக் பாதிதான் வேலை செய்யும். மணிக்கு 80 கி.மீ. வேகத்தில் கார் ஒரு நொடியில் 22 மீட்டர் கடந்துவிடும். முன்னால் போகும் லாரி திடீரென்று நின்றால், அந்த 22 மீட்டர்தான் எல்லாவற்றையும் முடிவு செய்யும்.

'ஒரு சுத்து கட் பண்ணிட்டா போதும்!'

காரை இறக்க மிக மலிவான வழி என்று சொல்லப்படுவது, ஸ்பிரிங்கை வெட்டுவது. செலவு வெறும் லேபர் மட்டும்தான் என்பதால் ஆசை வரும். ஆனால், கணக்கைப் பாருங்கள். ஆறு சுற்று வேலை செய்யும் ஒரு ஸ்பிரிங்கில் ஒரு சுற்றை வெட்டினால், மீதி ஸ்பிரிங் 20 சதவிகிதம் கடினமாகிவிடும். அதை அடக்க வேண்டிய ஷாக் அப்சார்பரோ பழைய ஸ்பிரிங்குக்காகச் செய்யப்பட்டது. சக்கரம் பள்ளத்தில் இறங்கும்போது, குட்டையான ஸ்பிரிங் தன் இருக்கையிலிருந்து நகர்ந்துவிடும் ஆபத்தும் உண்டு. வெட்டிய முனை சரியாக உட்காராது. டார்ச் வைத்து வெட்டினால் சூட்டில் இரும்பின் உறுதியும் கெடும்.

இதற்கு நேர் எதிர் வைத்தியமும் நம் ஊரில் பிரபலம். ஸ்பிரிங் சுற்றுகளுக்கு நடுவில் ரப்பர் பஃபரைச் செருகி காரை உயர்த்துவது. அடி தட்டுவது குறையும்தான். ஆனால், பஃபர் மாட்டிய இடத்தில் ஸ்பிரிங் சுருங்க முடியாது என்பதால், அதுவும் ஸ்பிரிங்கைக் கடினமாக்குகிறது. இரண்டுமே ஊஞ்சலை மாற்றிவிட்டுக் காலை மறந்த கதைதான்.

புதுப்பேட்டையில் மலிவாகக் கிடைக்கும் பழைய ஷாக் அப்சார்பரும் வேண்டாம். கதவுக் கைப்பிடியையோ லைட்டையோ கண்ணால் பார்த்து வாங்கலாம். ஷாக் அப்சார்பரின் மீதி ஆயுளை வெளியிலிருந்து பார்த்துச் சொல்ல முடியாது.

எவ்வளவு இறக்கலாம்?

போலோ ஜிடியின் கிரவுண்ட் கிளியரன்ஸ் சுமார் 165 மி.மீ. அதை 40 மி.மீ. இறக்கினால் மிச்சம் 125. நான்கு பேர் உட்கார்ந்து, டிக்கியில் சாமானும் ஏறினால் இன்னும் குறையும்.

இந்திய சாலைக் காங்கிரஸ் வகுத்த விதிப்படி, ஒரு ஸ்பீடு பிரேக்கரின் உயரம் 10 செ.மீ., அகலம் 3.7 மீட்டர். 25 கி.மீ. வேகத்தில் கடக்க ஏற்ற மாதிரி வளைவாக இருக்க வேண்டும். இந்த அளவில் போட்டிருந்தால், இரண்டரை மீட்டர் வீல்பேஸ் உள்ள ஒரு காரின் வயிற்றுக்குக் கீழே மேடு எழும்புவது சுமார் 4.5 செ.மீ.தான். இறக்கிய காரும் தட்டாமல் போய்விடும். பிரச்னை, விதியைப் பார்க்காமல் தெருவுக்குத் தெரு போடப்படும் குறுகலான, செங்குத்தான மேடுகள்தான். அவற்றின் முழு உயரமும் அப்படியே காரின் வயிற்றுக்குக் கீழே வரும். தட்டினால் முதலில் அடி வாங்குவது இன்ஜின் ஆயில் இருக்கும் சம்ப்.

ஆகவே, குடும்பத்தோடு ஓடும் காருக்கு 20 - 25 மி.மீ.க்கு மேல் இறக்குவது புத்திசாலித்தனம் இல்லை. அதையும் நல்ல கம்பெனி ஸ்பிரிங்கில், அதற்குப் பொருத்தமான ஷாக் அப்சார்பரோடு சேர்த்துச் செய்ய வேண்டும். இறக்கியதும் வீல் அலைன்மென்ட் கட்டாயம். இல்லாவிட்டால் புது டயரின் உள் ஓரம் கண்ணுக்குத் தெரியாமலே தேய்ந்துவிடும்.

ரேஸ் கார் மட்டும் தாழ்வாக இருக்கிறதே?

இருக்கிறது. பம்மலிலிருந்து குன்றத்தூர் தாண்டி ஸ்ரீபெரும்புதூர் பக்கம் போனால், இருங்காட்டுக்கோட்டையில் சென்னையின் ரேஸ் டிராக் இருக்கிறது. மெட்ராஸ் மோட்டார் ஸ்போர்ட்ஸ் கிளப் 1990-ல் திறந்த அந்த டிராக்கின் நீளம் சுமார் 3.7 கி.மீ. போலோ காரை வைத்தே இந்தியாவில் 2010-ல் 'போலோ கப்' ரேஸ் தொடங்கியது. அந்த கார்களின் சஸ்பென்ஷன் இறுக்கமானது, தாழ்வானது.

ஆனால், டிராக்கில் பேட்ச் ஒர்க் கிடையாது. சமமான தரையில் இறுக்கமான சஸ்பென்ஷன் டயரை ரோட்டோடு ஒட்டி வைக்கும். மேடு பள்ளத்தில் அதே இறுக்கம் டயரைத் தூக்கிப் போடும். டயர் காற்றில் இருக்கும்போது எந்த காரும் ஸ்போர்ட்ஸ் கார் இல்லை. பம்மல் ரோட்டில் வேகமாகவும் பத்திரமாகவும் போகும் கார் எதுவென்றால், சக்கரம் தாராளமாக மேலும் கீழும் போய் வரக்கூடிய, ஆனால் ஆட்டத்தை உடனே அடக்கிக்கொள்ளும் கார்தான்.

60,000 ரூபாயைப் பிரிப்பது எப்படி?

முதலில் டயர். நல்ல கம்பெனியின் நான்கு டயருக்கு 30,000 ரூபாய் அளவுக்கு ஒதுக்கலாம். காரின் பிடிமானத்தில் ஒரே நாளில் இவ்வளவு மாற்றத்தை வேறு எந்தப் பொருளும் தராது. கம்பெனி அந்த காருக்கோ, அதன் உயர் வேரியன்டுக்கோ கொடுத்த அளவிலேயே வாங்குங்கள். காற்றழுத்தத்தை டிரைவர் பக்கக் கதவு ஓரத்திலோ பெட்ரோல் மூடியிலோ இருக்கும் ஸ்டிக்கரைப் பார்த்து வையுங்கள்.

இரண்டாவது, தேய்ந்த புஷ், லிங்க் ராட், ஸ்ட்ரட் மவுன்ட். மூன்றாவது, ஷாக் அப்சார்பர். கம்பெனி தரத்தில் புதிதாக, முன் ஜோடி, பின் ஜோடி என்று சேர்த்தே மாற்ற வேண்டும். ஒரு பக்கம் மட்டும் மாற்றினால் கார் பிரேக்கில் ஒரு பக்கமாக நடந்துகொள்ளும். கடைசியாக அலைன்மென்ட், பேலன்சிங். பாகங்களின் விலை கடைக்குக் கடை மாறும் என்பதால், இரண்டு இடத்தில் எழுதி வாங்கிய பிறகு முடிவு செய்யுங்கள்.

இத்தோடு 60,000 முடிந்துவிடும். கார் ஒரு மில்லிமீட்டர்கூட இறங்கியிருக்காது. ஆனால், ஷோரூமிலிருந்து வந்த நாளில் எப்படித் திரும்பியதோ அப்படித் திரும்பும். கொஞ்ச மாதம் அப்படியே ஓட்டிப் பாருங்கள். இன்னும் வேண்டும் என்று தோன்றினால், அடுத்த போனஸில் ஸ்பிரிங், ஷாக் அப்சார்பர் சேர்ந்த ஒரு செட் வாங்கலாம். உயரத்தைத் திருகி மாற்றும் காயில்ஓவர் ஆசை இருந்தால், நல்ல தரத்துக்கு லட்சத்தை நெருங்கத் தயாராக இருங்கள். மலிவான காயில்ஓவரைவிடப் புதிய கம்பெனி ஷாக் அப்சார்பர் எவ்வளவோ மேல்.

சட்டமும் இன்ஷூரன்ஸும்

மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-வது பிரிவு, ஆர்.சி. விவரங்கள் தயாரிப்பாளர் குறிப்பிட்டதிலிருந்து மாறும்படி வாகனத்தை மாற்றக் கூடாது என்கிறது. 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றமும் தயாரிப்பாளரின் மூல வடிவமைப்பை மாற்ற அனுமதி இல்லை என்று தீர்ப்பளித்தது. அதே ஆண்டு வந்த சட்டத் திருத்தம், அனுமதியில்லாத ஒவ்வொரு மாற்றத்துக்கும் 5,000 ரூபாய் அபராதம், அல்லது ஆறு மாதம் வரை சிறை, அல்லது இரண்டும் என்கிறது.

தேய்ந்த பாகத்துக்குப் பதில் அதே தரத்தில் புதுப் பாகம் போடுவது பராமரிப்பு. அதில் பயம் இல்லை. காரின் உயரத்தையே மாற்றப் போகிறீர்கள் என்றால், முன்கூட்டியே ஆர்.டி.ஓ. அலுவலகத்தில் விசாரித்து, இன்ஷூரன்ஸ் கம்பெனிக்கும் எழுத்தில் தெரிவித்துப் பதில் வாங்குங்கள். சொல்லாமல் செய்த மாற்றம், விபத்து நடந்த பிறகு க்ளெய்மில் வந்து நிற்கும்.

யார் சொல்ல வேண்டும் 'சூப்பர்' என்று?

வேலை முடிந்ததும் காரைச் சோதிக்க ரேஸ் டிராக் வேண்டாம். ஞாயிற்றுக்கிழமை காலை வழக்கம்போல அப்பா, அம்மாவைப் பின் சீட்டில் உட்கார வைத்துத் திருநீர்மலைக்குப் போய் வாருங்கள். ஸ்பீடு பிரேக்கரில் கார் ஒரே தடவை ஏறி இறங்கி அமைதியாகிறதா? பள்ளத்தில் ஸ்டீயரிங் கையை இழுக்காமல் இருக்கிறதா? பிரேக் பிடித்தால் நேராக நிற்கிறதா? அங்கிருந்து பைபாஸ் ஏறி, அனுமதித்த வேகத்தில் லேன் மாறும்போது கார் அலையாமல் இருக்கிறதா?

இவ்வளவும் சரியாக இருந்து, பின் சீட்டில் அம்மா இடுப்பைப் பிடித்துக்கொள்ளாமல் தூங்கிவிட்டார் என்றால், 60,000 ரூபாய் சரியான இடத்துக்குத்தான் போயிருக்கிறது.