மூச்சும் மனவடுவும்

யாழ்ப்பாணக் குடாநாட்டை வன்னிப் பெருநிலத்தோடு பிணைக்கும் ஒடுங்கிய நிலத்துண்டு ஆனையிறவு. இருமருங்கும் கடனீரேரி, நடுவே ஏ-9 வீதியும் புகையிரதப் பாதையும். முன்னாளில் வன்னிக் காட்டு யானைகள் ஆழமற்ற நீரில் இறங்கிக் குடாநாட்டுக்குக் கடந்தமையால் இப்பெயர் வந்ததென்பர். ஒல்லாந்தர் இங்கே ஒரு கோட்டை கட்டினர். பின்னாளில் உப்பளங்களால் இவ்விடம் பெயர் பெற்றது. 1990 ஆம் ஆண்டு போர் மீண்டும் மூண்டபோது உப்பு விளைச்சல் நின்றது. 1991 இல் ஆடியும் ஆவணியுமாக ஏறத்தாழ ஒரு மாதம் இங்கே பெருஞ்சமர் நிகழ்ந்தது. 2000 ஏப்பிரல் 22 இல் படைத்தளம் வீழ்ந்தது. 2009 சனவரியில் மீண்டும் அரச படையின் வசமாயிற்று. பாதை அடைபட்டிருந்த ஆண்டுகளில் மக்கள் கிளாலிக் கடனீரேரியை இரவிற் படகேறிக் கடந்தனர். புறப்பட்டோர் யாவரும் கரைசேர்ந்தாரல்லர்.

இன்று பேருந்து அந்த இடத்தைச் சில நிமிடங்களிற் கடந்துவிடுகிறது. சிறுவர்கள் யன்னலோரத்திலிருந்து பூநாரைக் கூட்டத்தைக் காட்டி மகிழ்கின்றனர். அதே பேருந்தில், அதே யன்னலோரத்தில், நடுவயதைக் கடந்த ஒருவருக்கு உள்ளங்கை வியர்க்கலாம், தோள் இறுகலாம், மூச்சு மேலேறி நெஞ்சோடு நின்றுவிடலாம். அவ்வேளையில் அவர் பழையதொன்றையும் நினைத்துக்கொண்டிருக்கவில்லை. சந்தை விலையையோ மகளின் சோதனைப் பெறுபேற்றையோ எண்ணிக்கொண்டுதான் இருந்திருப்பார். நினைவு எழுவதற்கு முன்னரே உடல் முந்திக்கொண்டது. இது எவ்வாறு நிகழ்கிறது, இதனைத் தணிக்க மூச்சு எவ்வாறு உதவுகிறது, எவ்விடத்தில் அதன் உதவி முடிந்துவிடுகிறது என்பனவே இங்கு ஆராயப்படுவன.

அபாயம் தோன்றியதும் மூளையின் ஆழத்தில் வாதுமைப் பருப்பின் வடிவாய் அமைந்த சிறு பகுதியொன்று எச்சரிக்கை எழுப்புகிறது. சிறுநீரகங்களின் மேல் தொப்பி கவிழ்த்தாற்போல் அமர்ந்திருக்கும் அதிரினற் சுரப்பிகள் தம் சுரப்பைக் குருதியிற் கலக்கின்றன. இதயம் விரைகிறது, தசைகள் முறுக்கேறுகின்றன, சமிபாடு தளர்கிறது, மூச்சு குறுகி விரைகிறது. ஓடவோ எதிர்க்கவோ உடல் ஆயத்தமாகிவிட்டது. வரம்பிற் கிடக்கும் பாம்பைக் கண்டு துள்ளி விலகும் கமக்காரனுக்கு இது உயிர்காக்கும் ஏற்பாடு. அவன் வீடு சேர்ந்து ஒரு மிடறு தண்ணீர் குடித்ததும் எல்லாம் அடங்கிவிடும்.

பதுங்குகுழிக்குள் குந்தியிருந்தவரின் நிலை வேறு. அவருக்கு ஓட இடமில்லை, எதிர்க்க வழியில்லை. எறிகணை புறப்படும் ஓசைக்கும் விழும் ஓசைக்கும் இடையில் மூச்சை அடக்கிக் காத்திருத்தல் ஒன்றே அவரால் இயன்றது. ஒருநாள் அன்று, மாதக்கணக்கில் அவ்வாறு இருந்தார். ஆபத்து நீங்கிய பின்னும் உடலின் அந்த ஆயத்தம் சிலரிடத்து நீங்குவதில்லை. கதவு அறைந்து சாத்தினால், கோவில் திருவிழாவில் வெடி கொளுத்தினால், வானூர்தி தாழப் பறந்தால், உடல் பழைய குழிக்குள் மீண்டும் இறங்கிவிடுகிறது. இந்நிலை நீடித்து, கெட்ட கனவும், நினைவூட்டும் இடங்களை ஒதுக்குதலும், ஓயாத விழிப்பும் சேருமாயின் வைத்தியர்கள் அதனை நெருக்கீட்டுக்குப் பிற்பட்ட மனவடு நோய் என்பர். போரைக் கண்டோர் யாவரும் இந்நோய்க்கு ஆளாவரென எண்ணுதல் தவறு. 2009 இல் யாழ்ப்பாண மாவட்டத்தில் நடத்தப்பெற்று 2011 இல் வெளியான ஓர் ஆய்வில் நூற்றுக்கு 7 பேரிடம் இந்நோயின் அறிகுறிகளும், ஏறத்தாழ 33 பேரிடம் பதகளிப்பும், 22 பேரிடம் மனச்சோர்வும் காணப்பட்டன. பெரும்பாலோர் குடும்பம், தொழில், கோவில், அயல் என்பவற்றின் துணையால் தாமாகவே தேறுகின்றனர். எஞ்சியோருக்கே சிறப்பான உதவி தேவைப்படுகிறது.

போர்க்காலத்தில் யாழ்ப்பாணத்தில் உளமருத்துவராகவும் பல்கலைக்கழகப் பேராசிரியராகவும் பணியாற்றிய தயா சோமசுந்தரம் ஒரு செய்தியைத் தம் எழுத்துகளில் வற்புறுத்தியிருக்கிறார். எம் மக்கள் துயரத்தை மனநோயாகச் சொல்லிக்கொண்டு வைத்தியரிடம் வருவதில்லை என்பதே அது. அவர்கள் உடலின் மொழியிலேயே பேசுகின்றனர். "நெஞ்சு நோகுது", "தலை இடிக்குது", "கைகால் விறைக்குது", "உடம்பெல்லாம் உளைவு" என்பனவே முறைப்பாடுகள். குருதியைச் சோதித்தாலும் கதிர்ப்படம் எடுத்தாலும் ஒன்றும் தெரியாது. "உமக்கு ஒரு வருத்தமும் இல்லை" என்று அனுப்பிவிட்டால் நோயாளி வேறொரு வைத்தியசாலைக்குப் போவார், அவ்வளவுதான். இத்தகையோரிடம் அடிக்கடி காணப்படும் இன்னொன்று பெருமூச்சு. கதையின் நடுவிலே, சொல்ல முடியாத இடம் வந்ததும், நீண்ட மூச்சொன்று புறப்படும். அதனைத் துயரின் அடையாளமென்று மட்டுமே நாம் கொள்ளுகிறோம். இறுகிய உடல் தன்னைத் தானே தளர்த்திக்கொள்ள முயலும் வழியாகவும் அதனைக் கொள்ளலாம்.

துயரம் உடலின் வாயிலாக வருமாயின் ஆறுதலும் அவ்வாயிலாலேயே புகுதல் கூடும் என்பது சோமசுந்தரமும் அவரோடு பணியாற்றியோரும் கைக்கொண்ட நெறி. ஐரோப்பாவிலும் அமெரிக்காவிலும் உடல்வழி உளச்சிகிச்சை என்று பல முறைகள் தோன்றியுள்ளன. தசைகளை ஒவ்வொன்றாக இறுக்கித் தளர்த்தும் முறையைச் சிக்காக்கோ நகரத்து எட்மண்ட் யேக்கப்சன் 1929 இலேயே நூலாக எழுதினார். ஆயினும் இறக்குமதி செய்யவேண்டிய தேவை பெரிதாக இருக்கவில்லை. திருமூலர் தம் திருமந்திரத்தின் மூன்றாந் தந்திரத்திற் பிராணாயாமத்தை விரித்தோதிய நாட்டவர் நாம். சவாசனமும், பௌத்தரின் ஆனாபானசதி என்னும் மூச்சு நோக்கும் தியானமும், எண்ணெய் தேய்த்து உடம்பு பிடித்துவிடும் வழக்கமும் கைவசம் இருந்தன. இவையே வடக்கில் உளநலப் பணியாளருக்கும் ஆசிரியருக்கும் கற்பிக்கப்பட்டன. சைவருக்குப் பிரணவம், கத்தோலிக்கருக்குச் செபமாலை, முஸ்லிம்களுக்குச் சுபுகானல்லா, பௌத்தருக்குப் புத்தம் சரணம் என அவரவர் நாவிற் பழகிய சொல்லையே மெல்ல மெல்ல உச்சரிக்கச் செய்தனர்.

சொல்லுக்கும் மூச்சுக்கும் உள்ள தொடர்பை இத்தாலிய ஆய்வாளர் சிலர் அளந்து காட்டியுள்ளனர். 2001 இல் வெளியான அவர்களது ஆய்வில் நலமுள்ள 23 பேர் இலத்தீன் மொழிச் செபமாலையையும், பின்னர்ப் பௌத்த மந்திரமொன்றையும் ஓதினர். இரண்டிலும் மூச்சு நிமிடத்துக்கு ஏறத்தாழ ஆறாகக் குறைந்தது. இதயத்தின் தாளமும் அதனோடு இசைந்தது. நாம் ஓய்ந்திருக்கும்போது மூச்சு நிமிடத்துக்குப் பன்னிரண்டு முதல் பதினெட்டு வரை நடப்பது. எவ்விடத்துப் பாட்டிமாரும் மாலை மணியை உருட்டிக்கொண்டு அமைதி பெற்றமைக்கு இதுவும் ஒரு காரணமாகலாம். இறைவன் அருளே முதற்காரணம் என்போருடன் வாதாடவேண்டியதில்லை.

இதயமே, மெல்ல அடி என்று கட்டளையிட்டால் அது கேளாது. குடலும் அவ்வாறே. மூச்சின் இயல்பு வேறு. உறக்கத்தில் அது தானே நடக்கிறது. விழிப்பில் நாம் விரும்பினால் நம் சொற்கேட்கிறது. மூளையின் அடியிலிருந்து புறப்பட்டு இதயம், நுரையீரல், குடல் என்பவற்றை நாடிச்செல்லும் வேகசு நரம்பு இதயத்தைத் தணிப்பது. மூச்சு வெளியேறுகையில் அதன் பிடி வலுத்து இதயம் சற்று மெல்ல அடிக்கும்; உட்செல்லுகையிற் சற்று விரையும். ஆகவே வெளிமூச்சை நீட்டுவதே பயிற்சியின் உயிர்நிலை. கதிரையில் நிமிர்ந்து அமர்ந்து, பாதங்கள் நிலத்திற் பதிய, ஒரு கையை வயிற்றின்மேல் வைத்துக்கொள்ள வேண்டும். மூக்கினால் நாலு எண்ணும் அளவுக்கு உள்ளிழுத்தால் பிரிமென்றகடு தாழ்ந்து வயிறு கையைத் தள்ளும். ஆறு எண்ணும் அளவுக்கு மெல்ல வெளிவிட வேண்டும். அடக்கி வைக்கவேண்டியதில்லை, முக்கி இழுக்கவும் வேண்டியதில்லை. ஐந்து நிமிடம், நாள்தோறும் இருமுறை. அச்சம் பிடித்த வேளையிற்றான் தொடங்குவதென்றால் கைகூடாது. அமைதியான வேளையிற் பழகியதே நெருக்கடியில் உதவும். நீந்தக் கற்பதும் அப்படித்தானே.

பலன் உண்டா என்று கேட்போருக்குச் சில சான்றுகள் உள. 2004 மார்கழியில் ஆழிப்பேரலை அடித்த பின், வடகிழக்கு இலங்கையின் அகதிமுகாமொன்றில் மனவடு நோயின் அறிகுறி கொண்ட 31 பிள்ளைகள் குலுக்கல் முறையில் இரு கூறாக்கப்பட்டனர். ஒரு கூறார் நடந்ததைக் கோவையாக எடுத்துரைக்கும் சிகிச்சை பெற்றனர். மற்றவர் தியானமும் தளர்வுப் பயிற்சியும் பெற்றனர். இருசாராருக்கும் ஆறு அமர்வுகள். நடத்தியோர் பயிற்றப்பட்ட உள்ளூர் ஆற்றுப்படுத்துநர். ஆறு மாதத்தின் பின் முதற்கூறாரில் நூற்றுக்கு 81 வீதமும் இரண்டாங் கூறாரில் 71 வீதமும் தேறியிருந்தனர். இவ்விரண்டுக்கும் இடையே பொருட்படுத்தத்தக்க வேறுபாடில்லை என்பதே 2009 இல் வெளியான முடிவு. நாகபட்டினத்து முகாம்களில் 183 பேரிடம் நடந்த மூச்சுப்பயிற்சி ஆய்வும் நன்மையையே காட்டிற்று. தமிழ்நாட்டின் கரையோரக் கிராமங்களில் 150 பேருக்கு உடலுணர்ச்சியைக் கவனிக்கச் செய்யும் சிகிச்சை ஓர் அமர்வளவில் அளிக்கப்பட, எட்டு மாதத்தின் பின் பத்தில் ஒன்பது பங்கினர் தேறியதாக உரைத்தனர். ஆனால் அவ்வாய்வில் சிகிச்சை பெறாத மக்களோடு ஒப்புநோக்கல் நடக்கவில்லை. காலமும் அவர்களைத் தேற்றியிருக்கலாம் அல்லவா? அமெரிக்காவில் 2014 இல் வெளியான ஆய்வொன்று இதனினும் திருத்தமானது. 64 பெண்களில் யோகம் பயின்றோருட் பாதியளவினரும், சுகாதாரக் கல்வி மட்டும் பெற்றோருள் ஐந்தில் ஒரு பங்கினரும் நோய்வரம்புக்கு வெளியே வந்தனர். இவை யாவும் சிறிய ஆய்வுகள். நம்பிக்கை கொள்ளப் போதுமானவை. விளம்பரப் பலகை எழுதப் போதுமானவையல்ல.

விளம்பரப் பலகையைக் குறிப்பிட்டமைக்குக் காரணம் உண்டு. உடலில் அடைபட்ட துயரத்தை ஒரே நாளில் வெளியேற்றித் தருவோம் என்று சொல்லி, விரைந்தும் ஆழ்ந்தும் நெடுநேரம் மூச்சுவிடச் செய்வோர் பல நாடுகளிலும் உளர். அவ்வாறு மூச்சுவிட்டால் குருதியிற் காபனீரொட்சைட்டு அளவுக்கு மீறிக் குறையும், மூளையின் குருதிக்குழாய்கள் சுருங்கும், தலை சுற்றும், விரல்கள் மரத்து மடங்கும். அழுகையும் நடுக்கமும் வரக்கூடும். வந்தது துயரத்தின் விடுதலை என்று கூடியிருப்போர் மகிழ்வர். போரிற் குழந்தையை இழந்த ஒருத்திக்கு அது இழந்த நாளையே திரும்ப நிகழ்த்திக்காட்டுவதாக முடியலாம். வலிப்பு, இதயநோய், கடுமையான மனநோய் உடையோருக்கும் கர்ப்பிணிகளுக்கும் இம்முறை ஆகாது. துயரத்தைக் குடத்து நீர்போலக் கவிழ்த்துக் கொட்டிவிடலாம் என்னும் எண்ணமே பிழையானது. ஆபத்து நீங்கிவிட்டது என்பதை உடலுக்குச் சிறிது சிறிதாகக் கற்பிப்பதே நடைபெறுவது. மூன்றாம் வகுப்புப் பிள்ளைக்கு வாய்பாடு கற்பிப்பதிலும் கூடிய பொறுமை அதற்கு வேண்டும்.

மெல்லிய பயிற்சியிலும் வன்னியின் வரலாற்றை அறிந்தோர் அவதானமாயிருப்பர். கண்ணை மூடிப் படுங்கள் என்பது ஏனையோருக்கு ஓய்வு. இருட்டிற் பதுங்கிக் கிடந்தவருக்கு அது அச்சம். அவர் கண்திறந்தபடி, வாயிற்படியைப் பார்த்தபடி இருக்கட்டும். உடலில் எறிகணைத் துண்டு தங்கியிருப்பவர் அவ்விடத்துத் தசையை இறுக்கினால் நோவார். காலிழந்தவரிடம் "இரு பாதங்களையும் உணருங்கள்" என்று மனப்பாடமாகச் சொல்லிச் செல்லும் பயிற்றுநர் இல்லாதிருப்பதே மேல்.

எம்மவரிடத்து உடலாற் துயராற்றும் வேறு வழிகளும் இருந்தன. ஒப்பாரியைக் கேட்டோர் அறிவர்: பெண்கள் தோளணைத்து ஒருவர்மேல் ஒருவர் சாய்ந்து, நெஞ்சில் அறைந்து, நீண்ட அடியொன்றை ஒரே மூச்சிற் பாடி முடிப்பர். அழுகை அங்கே தாளத்துக்குள் வருகிறது; தனிமையும் இல்லை. போர்நிறுத்தக் காலத்து யாழ்ப்பாணத்தில் தூக்குக்காவடி எடுத்தோரை ஆய்ந்த ஜேன் டேர்ஜெஸ் என்னும் மானிடவியலாளர், சொல்லவியலாத துன்பம் உடலின் வாயிலாக ஊரறிய வெளிப்படுவதை 2013 இல் வெளியான நூலிற் காட்டியுள்ளார். ஆனால் ஒப்பாரிக்கு ஒரு பிணம் வேண்டும்; குறைந்தது ஒரு செய்தியாவது வேண்டும்.

2009 இன் முற்பகுதியில் மூன்று இலட்சத்தை அண்மிய மக்கள் முல்லைத்தீவுக் கரையோரத்திலிருந்து வெளியேறிச் செட்டிகுளத்து முகாம்களில் அடைபட்டனர். அவர்களுட் பலருக்கு இறந்தோரை அடக்கஞ் செய்யவும் இயலவில்லை. காணாமற் போனோரைப் பற்றி அறியவும் இயலவில்லை. அந்தியேட்டி இல்லை, திவசத்துக்குத் திதியும் இல்லை. கிளிநொச்சி கந்தசுவாமி கோவிலடியில் 2017 பெப்ரவரி 20 இல் உறவினர் போராட்டம் தொடங்கினர். கையிற் படத்துடன் வெயிலில் அமர்ந்த தாய்மாருட் பலர் அதன்பின் முதுமையாலும் நோயாலும் இறந்துபோயினர்.

இத்தகைய தாயொருத்திக்கு உளநலப் பணியாளர் மூச்சுப் பயிற்சியைச் சொல்லிக்கொடுத்தால் நெஞ்சுநோ குறையலாம். இரவிற் சில மணிநேரம் உறக்கம் வரலாம். அதனைச் சிறிய உதவியென்று ஒதுக்கிவிடலாகாது; பல ஆண்டுகள் உறங்காதவருக்கு ஓரிரவின் உறக்கம் பெரிது. மாவட்ட வைத்தியசாலைகளின் உளநலப் பிரிவுகளிலும், 1926 என்னும் தொலைபேசி இலக்கத்திலும் அவ்வுதவியை நாடலாம். ஆனால் அவருடைய உடல் இன்னும் காத்திருப்பதற்குக் காரணம், நீங்கிவிட்ட ஆபத்தை அது அறியாமை அன்று. மகன் எங்கே என்ற வினா விடியற்காலையில் அவருடனேயே எழுந்துவிடுகிறது. அவ்வினாவை வைத்தியரிடம் அவர் கேட்கவில்லை; கேட்கவேண்டிய இடம் எதுவென்று அவருக்குத் தெரியும்.