காமிராவுக்கு முன் கண்

முன்னெல்லாம் யாத்திரை கிளம்பும் தமிழர் கட்டுச்சாதமும் கூஜாவும் எடுத்துக்கொள்வார். இப்போது கூஜா போய்க் காமிரா வந்துவிட்டது. அதுவும் கைப்பேசிக்குள்ளேயே குடியேறிவிட்டபடியால் சுமக்கும் சிரமம்கூட இல்லை. ஆயினும், ஆயிரம் படங்களோடு வீடு திரும்புகிறவர்களில் எத்தனை பேர் போன ஊரைப் பார்த்துவிட்டு வந்தவர்கள்?

சென்ற மார்கழியில் நமக்கே இந்தச் சந்தேகம் வந்தது. படப்பிடிப்பைத் தொழிலாகக் கொண்ட நிபுணர் ஒருவர், எட்டுப் பேரைத் தஞ்சாவூருக்கு அழைத்துச் சென்று மூன்று நாள் பாடம் சொல்கிறார் என்று கேள்வியுற்று, நாமும் மாணாக்கராய்ச் சேர்ந்தோம்.

முதல் நாள் விடியற்காலையில், பெரிய கோயில் வாசலில் ஆசிரியர் இட்ட முதல் கட்டளை, "காமிராவைப் பையில் போடுங்கள்!" என்பது. பணம் கட்டிப் படம் எடுக்க வந்தவர்களுக்கு எப்படி இருந்திருக்கும்! இருந்தாலும் வாய் பேசாமல் வெறுங்கையுடன் பிராகாரத்தை வலம் வந்தோம்.

கோயில் கிழக்கு நோக்கியது. மார்கழியில் சூரியன் சற்றுத் தெற்கே தள்ளி உதிக்கிறான். ஆகவே காலை வெயில் விமானத்தின் தென்புறத்தை உராய்ந்துகொண்டு செல்கிறது. அந்தச் சாய்ந்த வெளிச்சத்தில், அடித்தளத்தில் வெட்டியிருக்கும் எழுத்து ஒவ்வொன்றும் தன் பள்ளத்தில் நிழலை நிரப்பிக்கொண்டு, மையால் எழுதியதுபோல் துலங்குகிறது. வெயில் ஏறியபின் பார்த்தால் அதே எழுத்துக்கள் வெளிறிக் கிடக்கின்றன. "வெளிச்சம் எங்கிருந்து வருகிறதென்று பாருங்கள், மற்றதெல்லாம் அப்புறம்" என்றார் ஆசிரியர்.

பிறகுதான் காமிரா வெளியே வந்தது. விமானமோ 200 அடிக்கு மேற்பட்ட உயரம். அருகே நின்று அண்ணாந்து எடுத்தால், அது பின்புறம் சாய்ந்து விழுவதுபோல் படத்தில் தோன்றுகிறது. வெகுதூரம் பின்வாங்கி, காமிராவை நிமிர்த்திப் பிடிக்க வேண்டும். அடியில் யாரேனும் ஒருவர் நடந்து வரும்வரை காத்திருக்கவும் வேண்டும். பக்கத்தில் மனிதர் இல்லாவிட்டால், ராஜராஜன் 1010-ல் முடித்த அந்த மகத்தான காரியத்தின் அளவு எப்படித் தெரியும்?

அன்று மாலை ஆசிரியர் ஒரு பழைய கதை சொன்னார். 1858-ல் காப்டன் லின்னேயஸ் டிரைப் என்னும் ஆங்கிலேயர், சென்னை ராஜதானி அரசாங்கத்தின் படப்பிடிப்பாளராக இங்கே வந்தார். இதே அடித்தளக் கல்வெட்டுகளைப் பகுதி பகுதியாக எடுத்து, 21 படங்களை ஒட்டி, சுமார் 19 அடி நீளமுள்ள ஒரே படமாக்கினார். அவர் பயன்படுத்தியது மெழுகூட்டிய காகிதம். அதில் ஒளி பதிய நேரம் பிடிக்கும், நடமாடுகிறவர்கள் பதியமாட்டார்கள். அதனால் அவர் படங்களில் கோயில்கள் கம்பீரமாக நிற்கின்றன. ஜனங்களைத்தான் காண்பது அரிது.

"நம் காமிரா விநாடியில் ஆயிரத்தில் ஒரு பங்குக்குள் மனிதரைப் பிடித்துவிடும். அவரைக் கேட்டுக்கொண்டு பிடிக்கிறோமா?" என்று கேட்டுவிட்டு, அன்றைய படங்களைக் காட்டச் சொன்னார்.

நமக்குச் சுருக்கென்றது. கோயிலுக்கு வெளியே பூக்கட்டிக்கொண்டிருந்த ஒரு கிழவியை, அவள் அறியாமல் எடுக்கப் போய், அவள் கையால் முகத்தை மறைத்துக்கொண்ட படம் நம்மிடம் இருந்தது. வெளிச்சம், அமைப்பு எல்லாம் பிரமாதம். ஆசிரியர் அதை நெடுநேரம் பார்த்தார், ஒன்றும் சொல்லவில்லை.

மறுநாள் காலையில் நாம் அவளிடம் போய், "தப்புத்தான் பாட்டி, மன்னிச்சுக்கணும்" என்றோம்.

"எத்தனையோ பேர் எடுத்துக்கிட்டுப் போறாங்க, தம்பி. ஒருத்தராவது எனக்கு ஒண்ணு காட்டினதில்லே" என்றாள் அவள். பிறகு சற்று யோசித்து, "எடுக்கிறதானா பேத்தியோடு சேர்த்து எடு. சாயங்காலம் வருவா" என்றாள்.

சாயங்காலம் இருவரும் தலைவாரி, பூச்சூடி, விறைப்பாக நின்று காமிராவை நேரே பார்த்தார்கள். ஆசிரியர் சொன்ன இலக்கணம் ஒன்றும் அதில் இல்லை. ஊர் திரும்பியதும் அதைக் காகிதத்தில் அச்சிட்டுத் தபாலில் அனுப்பினோம். முகம் மறைத்த படத்தை அழித்துவிட்டோம்.

மூன்று நாளில் நாம் எடுத்தவை நானூறுக்கு மேல். கொடுத்தது ஒன்று. அந்த ஒன்றுக்காகவே பிரயாணச் செலவு தகும் என்று தோன்றுகிறது.