யார் பெயரில், யார் கையில்?

2021 பிப்ரவரி 12 அன்று சாத்தூர் அருகே அச்சங்குளத்தில் பட்டாசு ஆலை வெடித்து இருபது பேருக்கு மேல் இறந்தார்கள். உரிமம் ஒருவர் பெயரில் இருந்தது. வேலையை நடத்தியவர்கள் உள்குத்தகைக்கு எடுத்த வேறு சிலர் என்று பிறகு தெரியவந்தது. அந்த இழப்புக்கு எதுவும் ஈடில்லை. ஆனால் அனுமதி ஒருவருக்கு, வேலை இன்னொருவர் கையில் என்ற அந்த ஆபத்து, கணினிக்குள்ளும் அரை நூற்றாண்டாக இருந்துவருகிறது.

லினக்ஸ் கணினியில் கடவுச்சொல் விவரங்கள் உள்ள கோப்பில் எழுத 'ரூட்' எனும் தலைமைப் பயனருக்கே உரிமை. பிறகு உங்கள் கடவுச்சொல்லை நீங்களே எப்படி மாற்றுகிறீர்கள்? மாற்றித்தரும் நிரலின் மேல் 'செட்யூஐடி' என்றொரு குறி இருக்கிறது. யார் இயக்கினாலும் அந்த நிரல் தன் உரிமையாளரின் அதிகாரத்தோடு ஓடும். டென்னிஸ் ரிட்சியின் கண்டுபிடிப்பு இது. 1973இல் விண்ணப்பித்து 1979இல் காப்புரிமை கிடைத்தது. இவ்வளவு அதிகாரமும் ஒரே ஒரு பிட்டில் அடங்குகிறது: விளக்கு எரிகிறதா, இல்லையா என்ற அளவு செய்திதான்!

இதே குறியை ஸ்கிரிப்ட் மேல் போட்டால் நிலைமை தலைகீழ். ஸ்கிரிப்ட் என்பது வெறும் எழுத்து வடிவக் கட்டளைத்தொடர். அதைப் படித்துச் செய்ய 'ஷெல்' போன்ற இன்னொரு நிரல் வேண்டும். அந்தக் குறியை மதிப்பதானால், கணினியின் கருவான 'கெர்னல்' முதலில் கோப்பைத் திறந்து குறியைப் பார்க்கும். ஷெல்லுக்கு ரூட் அதிகாரம் தந்து, கோப்பின் பெயரை மட்டும் சொல்லியனுப்பும். ஷெல் அந்தப் பெயரை வைத்துக் கோப்பை மறுபடி திறக்கும். ஆலை வாசலில் அட்டையைச் சரிபார்த்த காவலர், உள்ளே பெயரை மட்டும் சொல்லியனுப்பியதைப் போல. நடுவே ஆளே மாறிவிடலாம்! இடைவெளி கண்ணிமைக்கும் நேரத்தைவிடச் சிறியது. ஆனால் தாக்குபவர் ஒருமுறை முயன்று நிறுத்துவதில்லை. ஆயிரம் முறை தோற்றாலும் ஒருமுறை வென்றால் போதும். அதனால்தான் ஸ்கிரிப்ட் மேல் இருக்கும் செட்யூஐடி குறியை லினக்ஸ் கண்டுகொள்வதே இல்லை.

அதிகாரத்தைக் கடன் தர 'சூடோ' என்ற நிரல் 1980 வாக்கில் அமெரிக்காவின் பஃபலோவில் பிறந்தது. யாருக்கு எந்தக் கட்டளை என்று பட்டியல் வைத்திருக்கும் கறாரான காவலர். அதிலும் 2011இல் நுழைந்த ஒரு பிழை 2021 ஜனவரி வரை யார் கண்ணிலும் படவில்லை. கடவுச்சொல்லே தராமல் சாதாரணப் பயனர் ரூட் ஆக அது வழிவிட்டது.

காவலரைவிடப் பட்டியலே பெரும்பாலும் பலவீனம். ரூட் அதிகாரத்தில் ஓட அனுமதித்த ஸ்கிரிப்டை, சாதாரணப் பயனரே திருத்த முடிந்தால் எல்லாம் போயிற்று. உங்கள் அலுவலகக் கணினியில் அப்படி எத்தனை இருக்கின்றன? உரிமையாளர் யார், எழுத யாருக்கு அனுமதி என்று இன்றே பார்த்துவிடுங்கள்.